நீல நாடா மெடலும் பேரீச்சங்கொட்டையும்

நெல்லிமேட்டுக் கோயிலில் ஜெயபுஷ்பம் வீட்டாருக்கென்று ஓர் இடம் இருந்தது. வாசற்படியை ஒட்டி, செருப்பு விடுகிற இடத்துக்கு அடுத்த பாய். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். ஆம்பூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் ஊறுகிற வாடை முதலில் அங்கேதான் வந்து உட்காரும். அங்கே உட்காரும்படி அவளிடம் யாரும் சொன்னதில்லை. முன்னே வந்து உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. அவள் தாத்தா யோபு முதல் உலக யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய வருஷம் அங்கே போய் உட்கார்ந்தவர், சாகும்வரை நகரவில்லை. அவருக்குப் பின் அவர் மகன். மகனுக்குப் பின் பேத்தி ஜெயபுஷ்பம்.

ஊரில் அவர்களுக்கு 'மெடல்காரன் வூடு' என்று பெயர். கௌரவமான பெயராக்கும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். அப்படியில்லை.

அந்த யுத்தத்துக்கு நெல்லிமேட்டிலிருந்து பல பேர் போனார்கள். உயிரோடு வந்தவர்கள் எல்லாரும் ராஜா தலை போட்ட மெடலைக் கொண்டுவந்தார்கள். யோபு அதோடுகூட இன்னொன்றும் கொண்டுவந்தார். அதில் ராஜா தலை இல்லை. ஒரு கேடயம், கேடயத்தில் சிலுவை, மேலே கிரீடம், சுற்றிலும் யாருக்கும் புரியாத எழுத்து. நீல நாடாவில் தொங்கியது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்த, அதை நெஞ்சில் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

புராட்டஸ்டண்டு சபை மூப்பர்கள் பார்த்தார்கள். பாலாற்றுக்கு அக்கரையில் ஆர்.சி. கோயில் இருக்கிறது. அங்கே மாதா சபையார் திருவிழாவன்று கழுத்தில் போட்டுக்கொள்வதும் நீல நாடாதான், அதன் முனையில் தொங்குவதும் மெடல்தான். போதாததற்கு இதில் சிலுவை வேறு. யோபு கடல் தாண்டிப் போய் ரோமன் மார்க்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. மிஷனெரித் துரை அப்போது லீவில் சீமைக்குப் போயிருந்தார். நிதானமாக விசாரிக்க வேறு ஆள் இல்லை.

"எதுக்குடா குடுத்தாங்க இத?" என்று பெரிய மூப்பர் கேட்டார்.

"தண்ணி குடுத்தேன், குடுத்தாங்க" என்றார் யோபு. அவர் பேச்சே அவ்வளவுதான்.

"தண்ணி குடுத்தா மெடலா? அப்ப நம்ம ஊரு கெணத்துக்கு எத்தினி மெடல் குத்தறது!"

சபையே சிரித்தது. அதை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தால் திருவிருந்தின் அப்பமும் ரசமும் தருகிறோம் என்றார்கள். யோபு எறியவில்லை. திருவிருந்தும் கிடைக்கவில்லை. பிறகு யுத்தத்துக்குப் போனவர்களின் பெயர்களை வெட்டிக் கோயில் சுவரில் கல் பதித்தபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த போதகர்கள் அவர் மகனுக்கும் பேத்திக்கும் திருவிருந்து கொடுத்தார்கள். ஆனால் கல் அப்படியே இருந்தது. வாசற்படிப் பாயும் அப்படியே இருந்தது.

ஜெயபுஷ்பத்துக்குத் தாத்தாவைக் கொஞ்சம் ஞாபகம் உண்டு. அவர் மடியில் உட்கார்ந்து அந்த மெடல் இருக்கிற தோல் பையை வைத்து விளையாடுவாள். அவரே தைத்த பை அது, கன்னங்கரேலென்று. அதன் மேல் அங்கங்கே நூல் கட்டிய முடிச்சுகள், விரலால் அமுக்கினால் கெட்டியாக இருக்கும். அழகுக்கு வைத்த பித்தான்கள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாடா எப்போதோ இற்றுப்போய்விட்டது.

ஜெயபுஷ்பம் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலின் ஓரத்துக்குப் பசை தடவி மடித்துத் தட்டுகிற வேலை. காலையில் ஜெபம் பண்ணாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். அதிர்ந்து பேசமாட்டாள். புருஷன் வில்சன் ஒரு டேனரியில் தோல் உருட்டுகிற பெரிய மர டிரம்மைப் பார்த்துக்கொள்கிறவர். அவளுக்கு இல்லாத வாயெல்லாம் சேர்த்து அவருக்கு இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரிலிருந்து பெயர்த்த யுத்தக் கல்லை வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் தாத்தா பெயரை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஜெயபுஷ்பமும் கிட்டே போய் நின்றாள். சும்மா நின்றாள்.

பக்கத்தில் நின்ற பூவம்மாள் விட்டாளா? "இன்னாடி தேடற? உங்க தாத்தா பேரா? ஆத்தத் தாண்டிப் போய் மாதா கோயில் சொவுத்துல தேடு!"

நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழகிப்போன சிரிப்பு. ஆனால் அன்றைக்கு ஜெயபுஷ்பத்துக்கு அது நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அறுப்பின் பண்டிகைக்குள்ள புதுக் கோயில முடிச்சி, அந்தக் கல்ல திரும்பப் பதிக்கப் போறாங்களாம்" என்றாள் வில்சனிடம். "அதுக்குள்ள தாத்தா பேர அதுல ஏத்தணும். இப்ப வுட்டா எப்பவும் இல்ல."

"உங்க தாத்தாவே கேக்கல. அவுரு செத்து நாப்பது வருஷம் ஆவுது. இப்ப நீ போய் கேட்டா, இந்தாம்மான்னு வெட்டிக் குடுப்பாங்களா?"

"அவுரு பொய் சொன்னாருன்னுதான ஊரு சிரிக்குது? பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியணும்."

"நெஜமாவே ஆர்.சி.ல சேந்திருந்தார்னா?"

"அப்ப அதையும் தெரிஞ்சிக்கினு வாசப்படியிலயே ஒக்காந்துக்கறேன். பேஜார் இல்ல."

வில்சன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவரே எழுந்து போய்ச் சோற்றை வடித்தார்.

முதலில் வேலூர் லாங் பஜாருக்குப் போனாள். பழைய நாணயம், பட்டாளத்துச் சாமான் எல்லாம் விற்கிற கடைக்காரர் மெடலைச் சுண்டிப் பார்த்து, "வெங்கலம்மா. போட்டுட்டு ஒரு சொம்பு வாங்கிக்கறியா?" என்றார். எந்த தேசத்து மெடல் என்று கேட்டதற்கு, "ராஜா தலை இல்லியே, எனக்கு இன்னா தெரியும்?" என்றார். நெல்லிமேட்டுப் போதகரும் நல்ல மனுஷர்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் இல்லம்மா இது" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அறுபது வருஷமாக ஊர் முழுக்க இது ஆர்.சி. மெடல், ஆர்.சி. மெடல் என்கிறார்களே, ஆர்.சி.காரரிடம் காட்டிக் கேட்டவர் யார்? அப்பா கேட்கவில்லை, கேட்டால் ஊர் சொல்வது நிஜமாகிவிடுமோ என்று பயம். மூப்பர்கள் கேட்கவில்லை, அந்தக் கோயில் வாசலை மிதிப்பதே பாவம் என்ற காலம். ஆற்றைத் தாண்டினால் கோயில். தாண்டினவர் ஒருவரும் இல்லை.

மறு சனிக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு, மெடலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். பை பழசு, எடுத்தால் வெடித்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டாள். பாலாற்றில் மணல் மட்டும்தான், நடந்தே கடந்துவிடலாம். ஆனால் கோயில் வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே இன்னாசிமுத்து சாமியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கியவர்.

"உள்ள வாம்மா. மாதா கடிக்க மாட்டாங்க."

"நான் அக்கரைங்கய்யா. புராட்டஸ்டண்டு சபை."

"முக்காட்டப் பாத்தாலே தெரியுது, யாரும் பாத்துடக்கூடாதுன்னு போட்டிருக்க. இன்னா விஷயம்?"

அவள் கைக்குட்டையை அவிழ்த்து நீட்டினாள். "இது உங்களுதுங்களா?"

சாமியார் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வெயிலில் திருப்பினார். ஜெயபுஷ்பம் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே நின்றாள்.

"எங்களுது இல்லியேம்மா" என்றார். "இது இத்தாலி தேசத்து ராஜா குடுக்கற பட்டாளத்து மெடல். நான் ரோமாபுரியில படிச்சவன், அந்த பாஷை தெரியும். 'போர்க்களத்துல காட்டுன வீரத்துக்காக'ன்னு போட்டிருக்கு. இந்தச் சிலுவை அந்த ராஜா குடும்பத்துக் கொடியில இருக்கறது. யாருக்கும்மா குடுத்தாங்க?"

ஜெயபுஷ்பம் அங்கேயே செம்பருத்திச் செடிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க தாத்தாவுக்குங்க" என்று சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இத தெரிஞ்சிக்கறதுக்கு அறுவது வருஷமா சாமி?"

"யாராச்சும் வந்து கேட்டாத்தான சொல்றது? இக்கரையிலதான இருக்கோம்?" என்றார் சாமியார். பிறகு மெடலின் பின்பக்கத்தைக் காட்டினார். இலைக்கொத்து சுற்றி நடுவில் வெறுமையாக இருந்தது. "இங்கதான் வாங்குனவர் பேர வெட்டியிருப்பாங்க. ஒண்ணும் காணோமே. வழவழன்னு இருக்கு."

அவளுக்குச் சுரீரென்றது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் அம்மா வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களோடு இதையும் சேர்த்துப் போட்டு, புளியும் செங்கல் பொடியும் வைத்துப் பளபளவென்று தேய்ப்பாள். மாமனார் சாமான் ஆயிற்றே என்று மற்றதைவிட இரண்டு தேய் ஜாஸ்தியாகவே தேய்ப்பாள். அன்பு மிகுதியில் தாத்தாவின் பெயரைத் தேய்த்தே அழித்திருக்கிறாள்.

கோயில் கட்டடக் கமிட்டிக்குச் செயலாளர் ஜெயகரன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கிணற்றுக்கு மெடல் குத்தச் சொன்ன பெரிய மூப்பரின் பேரன். ஜெயபுஷ்பம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சாமியாரின் வார்த்தையையும் தட்டவில்லை.

"ராஜா மெடல்தான், ஒத்துக்கறேன்மா" என்றார். "ஆனா யாரோட மெடல்? பேரு இல்ல. யுத்தத்துல செத்துக் கெடந்தவங்க மேல இருந்து எடுத்துகினு வந்தவங்களும் உண்டு. உங்க தாத்தா அப்பிடின்னு நான் சொல்லல. ஆனா தண்ணி தூக்குற வேலைக்குப் போனவருக்கு வீர மெடல் ஏன் குடுத்தாங்க? கல்லுல வெட்டறது அழிக்க முடியாத காரியம். பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், நானே நின்னு வெட்டச் சொல்றேன்."

"பாத்தவங்களா? இன்னா சார், அறுவது வருஷம் ஆச்சே!"

"அதுக்கு நான் இன்னாம்மா செய்யட்டும்?"

வீட்டுக்கு வந்து சொன்னாள். வில்சன் கொதித்துப்போனார். "பொணத்து மேல இருந்து எடுத்தாராமா? அந்த வாத்தியார நான் போயி..."

"நீங்க ஒண்ணும் போவ வேணாம். அவுரு கேட்டது நியாயந்தான். பாத்தவங்கள நான் தேடறேன்."

பட்டாளத்து ஆட்கள் மாதம் பிறந்தால் ஓர் இடத்துக்கு வந்துதானே ஆகவேண்டும்? வேலூர் கருவூல ஆபீசில் பென்ஷன் கொடுக்கிற நாள் ஒன்றாம் தேதி. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனாள். காக்கி நிஜார், கம்பளித் தொப்பி, மீசை என்று கிழவர்கள் மரத்தடியில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "ஐயா, நீங்க மொத யுத்தமா? ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாரும் ரெண்டாவது. அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும்.

"இன்னாக்கா" என்றான் கம்பெனி சூப்பர்வைசர் ஆபித் பாஷா, "மாசம் பொறந்தா மொத நாளு லீவு. எந்தப் பட்டாளத்துல இருந்த நீ? பென்ஷன் எவ்ளோ?"

வீட்டில் வில்சனும் கிண்டல் பண்ணினார். ஆனால் அந்த நாட்களில் காலைச் சமையல் அவர்தான் செய்தார்.

கணியம்பாடிப் பக்கத்துச் சின்னசாமி என்றொருவர், பர்மாவில் சண்டை போட்டவர். அவளை மறுபடி மறுபடி பார்த்ததில் அவருக்கே மனசு கேட்கவில்லை. "இன்னாம்மா நீயும் எங்களோடவே லைன்ல நிக்கற! மொத யுத்தத்துக்காரங்கன்னா இப்ப ரொம்பக் கம்மி. ஒரு பாய் இருக்காரு, அப்துல் ஹமீத்னு. பேரணாம்பட்டுக்காரர், இங்க மக வூட்டோட இருக்காரு. கண்ணு சரியா தெரியாது. கூட்டம் ஆறினப்புறம் மதியத் தொழுகை முடிச்சிட்டு ரிக்‌ஷாவுல வருவாரு. இருந்து பாத்துட்டுப் போ."

இருந்தாள். வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் ரிக்‌ஷா வந்தது. வெள்ளைத் தாடி, ஒரு கால் விறைத்தபடி நீட்டியிருந்தது. ஜெயபுஷ்பம் ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாய், நீங்க மொத யுத்தத்துக்குப் போனவங்களா? நெல்லிமேட்டு யோபுன்னு யாரையாச்சும்..."

கிழவர் தலையைத் திருப்பினார். "யாரு? மஷக் யோபுவா?"

மஷக் என்றால் ஆட்டுத்தோலில் தைத்த தண்ணீர்ப் பை. முதுகில் சுமப்பார்கள்.

"நான் அவுரு பேத்திங்க."

"யா அல்லா! எம் தோஸ்தோட பேத்தியா? கிட்ட வா பேட்டி, எம் மகளே." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் தண்ணி குடுக்கலன்னா நான் ஏது, என் மக ஏது, இந்த ரிக்‌ஷாதான் ஏது?"

மரத்தடியில் உட்கார்ந்து சொன்னார். "மெசபடோமியான்னு ஒரு தேசம். டைகிரிஸ்னு ஆறு. நம்ம பாலாறு மாதிரி இல்ல, அதுல தண்ணி ஓடும்." சுற்றி நின்ற கிழவர்கள் சிரித்தார்கள். "ஆனா நாங்க அடிபட்டுக் கெடந்தது ஆத்துக்குத் தள்ளி, வெட்டவெளியில. அந்தப் பக்கம் துருக்கிக்காரன் குழி, இந்தப் பக்கம் நம்ம குழி, நடுவுல நாங்க. எனக்குக் கால்ல குண்டு. காலையிலேர்ந்து வெயில்ல கெடக்கறோம். தலையத் தூக்கினா சுடறான். தண்ணி, தண்ணின்னு எல்லாரும் கத்தறாங்க. தண்ணி கொண்டாந்தவங்கள்ளயும் ரெண்டு பேர் விழுந்துட்டாங்க. அப்ப இவன் வர்றான், பாம்பு மாதிரி ஊர்ந்துகினு. முதுகுல மஷக்கு. அதையும் சுட்டுட்டான், தண்ணி பீச்சி அடிக்குது. இவன் இன்னா செஞ்சான் தெரியுமா? ரேஷன்ல குடுத்த பேரீச்சம்பழம் பையில இருந்துச்சி. அதோட கொட்டைய எடுத்து, ஓட்டைக்குள்ள வச்சி, தோல அதச் சுத்தி இழுத்து, நூலால இறுக்கிக் கட்டிட்டான். சொட்டுத் தண்ணி ஒழுகல! தோல்காரன் வூட்டுப் புள்ளைக்குத்தான் அது வரும். திரும்பத் திரும்பப் போனான், வந்தான். ஒவ்வொரு தடவையும் புது ஓட்டை, புது முடிச்சு. கடைசியில அந்த மஷக்கு முடிச்சு முடிச்சா ஆட்டு மடி மாதிரி தொங்குச்சி. முசல்மான், இந்து, கிறிஸ்தவன், வெள்ளக்காரன், எல்லாரும் அந்த ஒரே தோல்லதான் வாய வச்சோம்."

ஜெயபுஷ்பத்துக்குத் தாத்தாவின் பை ஞாபகம் வந்தது. முடிச்சு முடிச்சாய். கெட்டியான முடிச்சு.

"மெடலு?" என்றாள் மெதுவாக.

"ஆஸ்பத்திரியில நாங்க கட்டில்ல கெடக்கறோம், எங்க முன்னாலதான் ஒரு தொரை வந்து அவன் நெஞ்சுல குத்தினாரு. நம்ம ராஜாவோடது இல்ல, இத்தாலி ராஜாவோடது. பண்டிகை வந்தா நாங்க உங்களுக்கு ஒரு தட்டு அனுப்பறோம், கிறிஸ்துமஸுக்கு நீங்க எங்களுக்கு ஒரு தட்டு அனுப்பறீங்க இல்ல? அது மாதிரி, ஒரே பக்கம் நின்னு சண்ட போட்ட ராஜாங்க ஒருத்தர் பட்டாளத்துக்கு ஒருத்தர் மெடல் அனுப்பினாங்க. எங்களுக்கு வந்தது இவனுக்குத்தான்னு தொரை சொல்லிட்டாரு." அவள் மெடலை அவர் கையில் வைத்தாள். தடவிப் பார்த்தார். "நாடா எங்க பேட்டி? நீல நாடா இருக்குமே?"

நாடா நீலம் என்று அவள் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தோல் பையை எடுத்து மடியில் வைத்தாள். தோல் அவள் தினமும் தொடுகிற சாமான்தான். ஆட்டுத்தோல். முடிச்சுகளை அமுக்கினாள். சின்ன வயசில் அமுக்கின அதே கெட்டி. ஊருக்கு வரும்போது தாத்தா அந்த மஷக்கில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்து, அதிலேயே மெடலுக்குப் பை தைத்திருக்கிறார்!

வில்சன் பிளேடோடு வந்தார். "ஒண்ண அறுத்துப் பாத்துடலாமா?"

"வேணாம். சபை முன்னாடி அறுக்கட்டும்."

"புஷ்பம், உள்ள வெறும் கூழாங்கல் இருந்தா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"ஏற்கெனவே சிரிச்சிக்கினுதான இருக்கு?" என்றாள். "நாமளே வூட்ல அறுத்துட்டு எடுத்துப் போனா, நாமளே உள்ள வச்சோம்னு சொல்லுவாங்க. கர்த்தர் கையில வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஜெயகரன் கமிட்டியைக் கூட்டினார். புதுக் கோயிலுக்கு இன்னும் கூரை முடியவில்லை, தலைக்கு மேல் பாதி வானம். சங்கதி தெரிந்து சபையில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வில்சனும் சின்னசாமியும் அப்துல் ஹமீத் பாயை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பாய் வாசலில் நின்று, "சலாம், எல்லாருக்கும்" என்றார். போதகர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

பாய் மரத்தடியில் சொன்னதை இங்கேயும் சொன்னார். பாலாறு விஷயத்துக்கு இங்கேயும் சிரித்தார்கள். ஆனால் வெட்டவெளியில் தண்ணீர் தண்ணீர் என்று கத்தியதைச் சொல்லும்போது குழந்தைகள்கூட அசையவில்லை.

ஜெயகரன் எழுந்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "பாய், நீங்க சொல்றது பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்குக் கண்ணு சரியில்ல, வயசும் ஆயிடுச்சு. நீங்க சொல்ற யோபுதான் எங்க யோபுன்னு எப்பிடி..."

அப்போது வாசற்படிப் பாயிலிருந்து ஜெயபுஷ்பம் எழுந்தாள். அந்தக் கோயிலில் அவள் குரலைப் பாட்டில் கேட்டவர்கள் உண்டு, பேச்சில் கேட்டவர்கள் இல்லை. நடுவே நடந்து வந்து, தோல் பையை முதலில் ஹமீத் பாயின் கையில் வைத்தாள். பாய் தடவினார். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மஷக்கு!" என்றார். "அதே மஷக்கு!"

அதை வாங்கி ஜெயகரன் கையில் கொடுத்தாள். "நீங்களே அறுங்க சார். உள்ள பேரீச்சங்கொட்டை இருந்தா எங்க தாத்தா சொன்னது நெசம். இல்லன்னா நான் இனிமே இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்."

ஜெயகரன் பேனாக்கத்தியை எடுத்தார். நூல் கம்பி மாதிரி இறுகியிருந்தது. கத்தி இரண்டு தடவை வழுக்கியது. பூவம்மாள் எல்லாருக்கும் முன்னால் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. சுருங்கிக் கிடந்த தோல் மெல்ல விரிந்தது. அதன் நடுவில் துப்பாக்கிக் குண்டு துளைத்த வட்டமான ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நீளமாய், மெலிதாய், நடுவில் கோடு ஓடின பேரீச்சங்கொட்டை.

ஜெயகரன் அதையே பார்த்தார். இன்னொரு முடிச்சை அறுத்தார். அதிலும் ஓர் ஓட்டை, அதிலும் ஒரு கொட்டை. அப்புறம் கத்தியை மடித்துவிட்டார். "போதும். மத்தது அவுரு கட்டினபடியே இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார். "எங்க தாத்தா இவுரு சொன்னதக் கேட்டுச் சிரிச்சாரு. நான் சிரிக்கல, ஆனா நம்பவும் இல்ல. தண்ணி குடுத்தேன், குடுத்தாங்கன்னு அந்த மனுஷன் அட்சரம் பெசகாம சொல்லியிருக்காரு. பேர வெட்டுவோம்."

"ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், கூரை இருந்திருந்தால் ஓடு பறந்திருக்கும். பூவம்மாள்தான் முதலில் ஓடிவந்து ஜெயபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டாள். "அந்தக் கொட்டைய ஒரு தடவ காட்டுடி, தொட்டுப் பாக்கறேன்" என்றாள்.

வெட்டுவதில் ஒரு சிக்கல் வந்தது. கல்தச்சர் பஞ்சாட்சரம் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்தார். "கீழ எடமே இல்லீங்க. ஓரமெல்லாம் பூவேலை. கடைசியில சேக்கணும்னா ஆவாது. எடம் இருக்கறது ஒரே எடத்துலதான். மேல, சிலுவைக்குக் கீழ, எல்லாப் பேருக்கும் தலைமாட்டுல."

கமிட்டியார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வில்சன் சும்மா இருப்பாரா? "விட்டுப்போனவர இப்ப கூட்டாளிங்க தலைக்கு மேல ஏத்தணும்னா, அது மேல இருக்கறவர் வேலைதான். மனுஷன் வேலையா?" என்றார். ஜெயகரன் சிரித்துவிட்டார். "வெட்டுங்க பஞ்சாட்சரம்" என்றார்.

அறுப்பின் பண்டிகையன்று புதுக் கோயிலைப் பிரதிஷ்டை பண்ணினார்கள். வாசலில் கரும்பும் வாழைத்தாரும், உள்ளே காணிக்கையாக வந்த நெல் மூட்டை, பூசணி, கேழ்வரகு, கோழிகள். ஆற்றைத் தாண்டி இன்னாசிமுத்து சாமியார் ஒரு கூடை கத்தரிக்காயோடு வந்திருந்தார். நெல்லிமேட்டுக் கோயிலுக்குள் ஆர்.சி. சாமியார் ஒருவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. "கர்த்தர் கடிக்க மாட்டார், வாங்க சாமி" என்று ஜெயபுஷ்பம் அவரை உள்ளே அழைத்தாள். அப்துல் ஹமீத் பாய்க்கு முன்வரிசையில் நாற்காலி. பாயின் மகள் லாங் பஜாரில் தேடி வாங்கிக் கொடுத்த நீல நாடாவில், வில்சன் சட்டை மேல் அந்த மெடல் தொங்கியது.

வாசற்படிப் பாயை விரிக்கவே இல்லை. போதகர் ஜெயபுஷ்பத்தைக் கூப்பிட்டு, ஹமீத் பாயின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

ஜெயகரன் கல்லின் முன்னால் நின்று பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரை உரக்கச் சொன்னார்.

"யோபு!"

"ஹாஜர்!"

சபை திடுக்கிட்டுத் திரும்பியது. அப்துல் ஹமீத் பாய் விறைத்த காலை ஊன்றி, நாற்காலியை விட்டு எழுந்து, நிமிர்ந்து நின்று சலாம் வைத்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் தினமும் பெயர் கூப்பிடும்போது யோபு கொடுத்த பதில் அது. தோஸ்த் இல்லாத இடத்தில் அவர் கொடுத்தார்.

ஜெயபுஷ்பம், தன்னை அறியாமல், கோயில் அதிரும்படி "ஆமென்!" என்றாள். வில்சன் ஆச்சரியமாகத் திரும்பி, "உனக்குள்ள இம்மாம் பெரிய குரல் எங்க இருந்துச்சி?" என்றார் மெதுவாக.

"வாசப்படியில ஒக்காந்திருந்தா கேக்குமா?" என்றாள் அவள்.